24 வருட எச்சரிக்கையும் இரண்டு மணித்தியால மௌனமும்: விண்கற்களால் எமக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து?

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பு நாவலடியிலும் கல்முனையிலும் மக்கள் இடிபாடுகளுக்குள் தம்மவர்களின் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாள். ஆழிப்பேரலை வந்துபோய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் இந்து சமுத்திரக் கரைகளையே காட்டிக்கொண்டிருந்தன.

அதே நாளில் வானியலாளர்கள் சிலர் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் தவறவிடப்பட்டு, டிசெம்பரில் மீண்டும் அகப்பட்ட ஒரு சிறுகோள் பற்றிய கணக்கு அது. 2029ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி அது பூமியில் மோதுவதற்கு 37இல் ஒரு சாத்தியம் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. கிட்டத்தட்ட 2.7 வீதம். விண்கல் ஆபத்தை அளப்பதற்கு டொரினோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. பூச்சியத்திலிருந்து 10 வரை போகும். அந்தச் சிறுகோள் அதில் 4ஆம் படிக்கு ஏறியது. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தக் கல்லும் அந்தப் படிக்கு ஏறியதில்லை. வேறொரு வாரமாக இருந்திருந்தால் உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் அதுதான் முதற்பக்கம். அன்று அதைக் கவனிக்க ஒருவருக்கும் மனம் இருக்கவில்லை.

கணக்கு உச்சத்தைத் தொட்ட அதே நாளிலேயே பதிலும் கிடைத்துவிட்டது. அதே கல், யாரும் கவனிக்காமல், அவ்வருடம் மார்ச் மாதம் எடுக்கப்பட்ட பழைய படங்களில் பதிவாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் படங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது 2029 மோதல் இல்லை என்றானது. அப்போபிஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தக் கல்லின் அகலம் சுமார் 340 மீற்றர். 2021இல் றேடார் மூலம் அளந்து பார்த்து, குறைந்தது அடுத்த 100 வருடங்களுக்கு அது பூமியில் மோதாது என்று நாசா அறிவித்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேதனையானது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது எமது நேரப்படி காலை 6.59க்கு. எமது கிழக்குக் கரையை முதல் அலை தொடுவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. சில இடங்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஹவாயில் இருந்த பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அதிர்வு நடந்து கால் மணித்தியாலத்திலேயே அதைப் பதிவுசெய்து அறிக்கையும் விட்டிருந்தது. ஆனால் இந்து சமுத்திர நாடுகளில் யாரை அழைத்துச் சொல்வது என்று ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே நடந்திருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள். ஒரு பக்கம், வராத ஒரு ஆபத்துக்கு 24 வருட முன்னறிவித்தல். மறுபக்கம், வந்துகொண்டிருந்த ஆபத்துக்கு இரண்டு மணித்தியால மௌனம்.

விண்கல் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது கல்லின் பருமனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. எத்தனை நாள் முன்பு தெரியும்? தெரிந்தது யாருக்குப் போய்ச் சேரும்?

முதலில் பருமனைச் சொல்லிவிடுவோம். பூமியின் மீது நாளொன்றுக்கு சுமார் 100 தொன் விண்தூசியும் சிறு துணிக்கைகளும் விழுகின்றன. இரவில் எரிந்தபடி ஓடும் எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் மணல் அளவானவை, மிஞ்சினால் கூழாங்கல் அளவு. பெரிய கல் அபூர்வம், மிகப் பெரியது மிக மிக அபூர்வம். 20 மீற்றர் அளவான கல் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரலாம். 140 மீற்றருக்கு மேற்பட்டது பத்தாயிரக் கணக்கான வருடங்களுக்கு ஒருமுறை. ஒரு கிலோமீற்றர் பருமனானது பல இலட்சம் வருடங்களுக்கு ஒருமுறை. 66 மில்லியன் வருடங்களுக்கு முன்னர் இன்றைய மெக்சிகோவின் யுகற்றான் பகுதியில் விழுந்து டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த கல் சுமார் 10 கிலோமீற்றர் அகலமானது. அதன் பள்ளம் சுமார் 180 கிலோமீற்றர்.

ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்டவற்றில் கிட்டத்தட்ட 95 வீதமானவை ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு, பாதை கணிக்கப்பட்டுவிட்டன. அடுத்த நூறு வருடங்களில் அவற்றில் எதுவும் பூமியில் மோதும் பாதையில் இல்லை. ஆகவே உலக அழிவைக் காட்டும் சினிமாக்களை ஒருபக்கம் வைத்துவிடலாம். இன்று கவனிக்க வேண்டியது அதைவிடச் சிறிய, ஒரு ஊரையோ நகரத்தையோ அழிக்கக்கூடிய கற்களைத்தான்.

அப்படி ஒன்று பற்றிய நல்ல பதிவு எம்மிடம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி காலை 9.20 மணியளவில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானில் சூரியனைவிடப் பிரகாசமாக ஒரு வெளிச்சம் ஓடியது. சுமார் 20 மீற்றர் அகலமான கல். வினாடிக்கு 19 கிலோமீற்றர் வேகம். தரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உயரத்திலேயே வெடித்துச் சிதறியது. வெளிப்பட்ட சக்தி ஹிரோஷிமாவில் போட்ட குண்டைவிடச் சுமார் முப்பது மடங்கு.

இறந்தவர்கள் எவரும் இல்லை. காயப்பட்டு மருத்துவ உதவி கேட்டவர்கள் சுமார் 1,500 பேர். சேதமான கட்டடங்கள் 7,000க்கு மேல். காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மீது கல் விழவில்லை. யன்னல் கண்ணாடி விழுந்தது. வெளிச்சத்தைக் கண்டதும் என்னவென்று பார்க்க யன்னலருகே ஓடினார்கள். சத்தமும் அதிர்வலையும் வந்துசேர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. எல்லோரும் யன்னலருகே நின்ற வேளையில் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு பாடசாலையில் ஆசிரியை ஒருவர் மாத்திரம் பிள்ளைகளை மேசைகளுக்குக் கீழே புகச் சொன்னார். அவர் வெட்டுக்காயத்துடன் தப்பினார், அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. இதை எமது மக்களில் ஒரு தலைமுறைக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. மின்னியதும் நிலத்தில் குப்புற விழு, எண்ணிக்கொள், தலையைத் தூக்காதே என்று கிபிரும் ஷெல்லும் சொல்லித்தந்தன. வன்னியில் வளர்ந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை அன்று செல்யாபின்ஸ்கில் இருந்திருந்தால் யன்னலருகே போயிருக்காது. பெருமைப்படும் விடயம் அல்ல இது. ஆனால் சிறுகோள் பாதுகாப்பு பற்றிய பயிற்சிகளில் இன்று பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் கிட்டத்தட்ட அதேதான்: பளீர் வெளிச்சம் கண்டால் கண்ணாடியை விட்டு விலகு, தரையோடு படு, சத்தம் வந்து ஓயும்வரை காத்திரு.

செல்யாபின்ஸ்க் கல்லை எந்தத் தொலைநோக்கியும் முன்கூட்டியே காணவில்லை. அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. பகல் வானத்தில் தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்குக் கண் தெரியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அன்றைய தினம் வேறொரு சிறுகோள் பூமிக்கு 27,700 கிலோமீற்றர் தூரத்தில் கடந்துபோகும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே கணித்து, எல்லோரும் அதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அது சொன்னபடி கடந்துபோனது. அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொன்று, எதிர்பாராத பக்கத்தால், அதற்குச் சில மணித்தியாலங்கள் முன்னதாக வந்து வெடித்தது.

இதற்கு நூறு வருடம் முன்னர், 1908 ஜூன் 30ஆம் திகதி, சைபீரியாவின் துங்குஸ்காவில் இதைவிடப் பெரிய வெடிப்பு நடந்தது. 2,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடு சாய்ந்தது. அங்கு கலைமான் மேய்த்து வாழ்ந்த எவென்கி மக்கள்தான் நேரிற் கண்ட சாட்சிகள். முதலாவது ஆய்வுக்குழு அந்த இடத்தை அடைந்தது 1927இல். இடையில் உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப்போர். சாட்சிகளிடம் கேட்க ஆள் வருவதற்கு 19 வருடங்கள். இன்று ஜூன் 30ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுகோள் தினமாக அனுசரிக்கிறது.

விண்கல் கொல்வதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அது விழுவதால் அல்ல, அதைக் குண்டு என்று நினைப்பதால். 2002 ஜூன் 6ஆம் திகதி மத்தியதரைக் கடலுக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. ஹிரோஷிமா குண்டோடு ஒப்பிடத்தக்க சக்தி. கடலுக்கு மேலே என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த வாரங்களில்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளைக் குவித்து, அணுவாயுதப் போர் மூளுமோ என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்தது. பூமி சுழலும் கணக்குப்படி, அதே கல் சில மணித்தியாலங்கள் முன்னதாக வந்திருந்தால் அதே அகலக்கோட்டில் இந்திய பாகிஸ்தான் எல்லைப் பக்கம் வெடித்திருக்கும். அமெரிக்க விமானப்படை அதிகாரியான சைமன் வேர்டன் இதை அன்றே எச்சரித்தார். வெடித்தது கல்லா குண்டா என்று சில நிமிடங்களில் பிரித்தறியும் கருவிகள் அமெரிக்காவிடம் இருந்தன. இந்த இரண்டு நாடுகளிடமும் அன்று இருக்கவில்லை. செல்யாபின்ஸ்கிலும் முதல் நிமிடங்களில் பலர் ஏவுகணைத் தாக்குதல் என்றுதான் நினைத்தார்கள். வானில் நடக்கும் இப்படியான வெடிப்புகளை இன்று எமக்குச் சொல்வதே அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்பதற்காகப் போடப்பட்ட உலகளாவிய ஒலியுணரிகளும் இராணுவச் செய்மதிகளும்தான்.

இனி அண்மைய கதைக்கு வருவோம். ஆழிப்பேரலைக்கு 20 வருடங்கள் முடிந்த மறுநாள், அதாவது 2024 டிசெம்பர் 27ஆம் திகதி, சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு புதிய சிறுகோளைக் கண்டது. பெயர் 2024 வைஆர்4. அது பூமிக்கு மிக நெருக்கமாக வந்துபோய் இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2032 டிசெம்பர் 22ஆம் திகதி அது பூமியில் மோதக்கூடும் என்று கணக்குக் காட்டியது. ஜனவரி இறுதியில் சாத்தியம் ஒரு வீதத்தைத் தாண்டியதும், செல்யாபின்ஸ்கிற்குப் பிறகு ஐ.நா.வின் ஆதரவோடு அமைக்கப்பட்ட சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறையான அறிவித்தலை வெளியிட்டது. பெப்ரவரி 18ஆம் திகதி சாத்தியம் 3.1 வீதத்துக்கு ஏறியது. அப்போபிஸையும் தாண்டிவிட்டது. மோதினால் விழக்கூடிய இடம் கிழக்குப் பசுபிக்கில் தொடங்கி தென்னமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் ஊடாகத் தெற்காசியா வரை நீண்ட ஒரு பட்டி.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த ஒரு குரல்பதிவு, "இந்தியாவில விழப்போகுதாம், கடல் பொங்கி எங்கட பக்கமும் வருமாம், கரையில இருக்கிற ஆக்கள் இப்பவே யோசியுங்கோ" என்று சொன்னது. சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை கடல் வந்த ஊரில் "கடல் வரும்" என்ற சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது.

ஆனால் ஒரே வாரத்தில் அந்த 3.1 வீதம் 0.004 வீதமாக விழுந்தது. "முதலில் வரும் என்றார்கள், பிறகு ஏறுகிறது என்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள்" என்று கேலி எழுந்தது. உண்மையில் ஏறிப் பிறகு விழுவதுதான் இந்தக் கணக்கின் இயல்பு.

இருட்டறையில் சுவரில் ஒரு சிறு புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிதான் பூமி. டோர்ச் லைற்றின் வெளிச்சம் சுவரில் பெரிய வட்டமாக விழுகிறது. கல் அந்த வட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தால் போகும், எவ்விடத்தால் என்று இன்னும் தெரியாது. வட்டம் பெரிதாக இருக்கும்போது புள்ளி அதில் மிகச் சிறிய பங்கு. ஆகவே சாத்தியமும் சிறியது. புதிய அவதானிப்புகள் சேரச் சேர வட்டம் சுருங்குகிறது. புள்ளி இன்னும் உள்ளே இருந்தால், சுருங்கிய வட்டத்தில் அதன் பங்கு கூடுகிறது. அதனால் வீதம் ஏறுகிறது. கல் எங்கும் திரும்பவில்லை, எமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் வட்டம் இன்னும் சுருங்கும்போது பெரும்பாலும் புள்ளி வெளியே விழுந்துவிடும். வீதம் திடீரெனப் பூச்சியத்துக்குப் போகும். நூற்றில் மூன்று தடவை மட்டும் புள்ளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்தமுறை இப்படி ஒரு செய்தி வரும்போது ஏறுகிற வீதத்தைப் பார்த்து நித்திரை கெட வேண்டாம். எத்தனை நாள் அவதானித்துச் சொல்கிறார்கள், இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று பாருங்கள்.

குரல்பதிவில் சொன்ன கடல் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 2004இல் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடி நிலம் பிளந்து, அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதையும் அடியிலிருந்து தூக்கியது. அதனால்தான் அலை சமுத்திரத்தையே கடந்து வலு குறையாமல் வந்தது. 60 மீற்றர் கல் அப்படியல்ல. அது பெரும்பாலும் காற்றிலேயே வெடிக்கும். கடலில் அலையை எழுப்பினாலும் அந்த அலை நெருக்கமான சிற்றலைகளாக விரைவில் தேய்ந்துவிடும். ஊருக்கு நேர் மேலே வெடித்தால் அது பேரழிவு, பல பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்குச் சேதம் வரும். ஆனால் அரபிக்கடலில் விழுந்தால் வங்கக் கரையைக் கடல் கொள்ளும் என்பது நடக்காத காரியம்.

கல் பட்டு மனிதர் இறந்த கதைகளும் அவ்வப்போது வரும். 2016 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் வேலூர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் பேருந்துச் சாரதி ஒருவர் இறந்தார். விண்கல் என்று மாநில அரசே அறிவித்தது. உலகச் செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்புப் போலவே தெரிகிறது என்றார்கள். 1888இல் இன்றைய ஈராக்கின் சுலைமானியாவில் விண்கல்லால் ஒருவர் இறந்து இன்னொருவர் முடமானதாக ஒட்டோமன் அரச ஆவணங்கள் சொல்வது 2020இல் வெளிவந்தது. கிடைத்தவற்றில் ஓரளவு நம்பத்தக்க பதிவு அதுதான். ஆக, ஒரு மனிதருக்கான ஆபத்து என்று பார்த்தால் மின்னலையும் வீதியையும் விட இது மிகச் சிறியது. இன்னும் வயல்களில் கிடக்கும் மிதிவெடியைவிடவும் சிறியது.

அப்படியானால் ஏன் இவ்வளவு பணத்தைச் செலவழிக்கிறார்கள்? இயற்கை அனர்த்தங்களில் முழுமையாகத் தடுத்து நிறுத்தக்கூடியதாக மனிதர் காட்டியிருப்பது இந்த ஒன்றைத்தான். புயலைத் திருப்ப முடியாது, நிலநடுக்கத்தை நிறுத்த முடியாது. கல்லைத் தள்ள முடியும். 2022 செப்டெம்பர் 26ஆம் திகதி நாசாவின் டார்ட் விண்கலம், பூமியிலிருந்து சுமார் 11 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில், டைமோர்போஸ் என்ற 160 மீற்றர் அளவான கல்லில் வேண்டுமென்றே போய் மோதியது. அந்தக் கல் இன்னொரு பெரிய கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்ற எடுத்த நேரம் 11 மணித்தியாலம் 55 நிமிடம். மோதிய பிறகு அது அரை மணித்தியாலத்துக்கும் மேலாகக் குறைந்தது. விளைவை அருகிருந்து ஆராய ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 ஒக்டோபரில் புறப்பட்டது.

இந்தத் தள்ளுதல் மிகச் சிறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வினாடிக்குச் சில மில்லிமீற்றர் மாற்றம். வினாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்றே எடுத்துக்கொண்டாலும், 20 வருடத்தில் அது ஏறத்தாழ 6,300 கிலோமீற்றராகச் சேரும். பூமியின் ஆரை அவ்வளவுதான். அதாவது நேரே நடுவில் மோத வந்த கல் விளிம்புக்குப் போய்விடும். ஆனால் ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால் அதே தள்ளுதல் வெறும் 300 கிலோமீற்றர். பயனில்லை. பலம் கல்லை அடிக்கும் கலத்தில் இல்லை, முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இருக்கிறது. அதனால்தான் தேடுதல் வேலை முதலிடம் பெறுகிறது.

தேடுதலின் நிலை கலவையானது. பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் 40,000க்கு மேல் இதுவரை பதிவாகியுள்ளன. 140 மீற்றருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கும் என்று கணிக்கப்படுகிறது. அவற்றில் பாதிகூட இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020க்குள் 90 வீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் 2005இல் சட்டம் போட்டது. பணம் போதிய அளவு ஒதுக்கப்படவில்லை, இலக்கும் தவறியது. சிலியில் உள்ள வேரா ரூபின் அவதான நிலையம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டபோது, சுமார் பத்து மணித்தியால அவதானிப்பிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. சூரியன் பக்கத்திலிருந்து வருபவற்றை வெப்பத்தை வைத்துக் காணும் நியோ சேர்வேயர் என்ற விண்தொலைநோக்கியை நாசா தயாரித்து வருகிறது. செல்யாபின்ஸ்க் கல் போன்றவை வரும் குருட்டுப் பக்கத்தில் ஒரு பகுதியையாவது அது மறைவின்றிக் காட்டும்.

இலங்கைக்கு நேரடியான ஒரு அனுபவமும் இதில் இருக்கிறது. பலர் மறந்துவிட்டார்கள். 2015 ஒக்டோபர் 3ஆம் திகதி அமெரிக்காவில் சிறுகோள் தேடும் ஒரு குழு டபிள்யூடி1190எஃப் என்று பெயரிட்ட ஒரு பொருளைக் கண்டது. ஒன்றிரண்டு மீற்றர் அளவு. சந்திரனுக்கு அனுப்பிய பழைய ரொக்கட் ஒன்றின் பாகமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அது நவம்பர் 13ஆம் திகதி காலை 11.48க்கு இலங்கையின் தென்கரைக்கு அப்பால் சுமார் 100 கிலோமீற்றர் தூரக் கடலுக்கு மேலே வளிமண்டலத்துக்குள் நுழையும் என்று வாரக்கணக்கில் முன்பே சொல்லப்பட்டது. மீனவர்களும் விமானங்களும் அந்தப் பகுதியைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடுகள் பேசப்பட்டன. வெளிநாட்டு விஞ்ஞானிகள் விமானமொன்றில் வந்து மேகங்களுக்கு மேலே நின்று படம் பிடித்தார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் அது எரிந்து விழுந்தது.

விண்ணிலிருந்து விழும் ஒரு கார் அளவுகூட இல்லாத இரும்பை நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்திருக்கிறது. இதே தீவில் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, எச்சரிக்கைகளும் மண்சரிவு அறிவித்தல்களும் தமிழில் தாமதித்தே வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பல பக்கங்களிலிருந்தும் எழுந்தது. மலையகத்தின் லயன்களுக்கு மேலே மண் இறங்கிய இரவுகள் அவை. ஒரு சிறுகோள் எச்சரிக்கை வந்தாலும் அது ஐ.நா. ஊடாக இதே அரசாங்கத்துக்குத்தான் வரும். அங்கிருந்து இதே திணைக்களங்கள், இதே மாவட்டச் செயலகங்கள், இதே கிராம சேவகர்கள். சிலியின் தொலைநோக்கிக்கும் வாகரையின் வாடிக்கும் இடையிலுள்ள ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் கடினமான பகுதி கடைசி முந்நூறு கிலோமீற்றர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போபிஸ் திரும்பி வருகிறது. மோத அல்ல, கடந்துபோக. 2029 ஏப்ரலில் அது பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தூரத்தால் போகும். எமது தொலைக்காட்சிச் சேவைகளைத் தரும் செய்மதிகள் நிற்கும் உயரத்தைவிடவும் கிட்ட. இவ்வளவு பெரிய கல் இவ்வளவு கிட்ட வருவதை முன்கூட்டியே அறிந்து பார்க்கும் முதற் தலைமுறை நாங்கள்தான். 13ஆம் திகதி இரவு அது அவுஸ்திரேலியாவுக்கு மேலாக வந்து, இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்காவை நோக்கி நகரும். வானம் தெளிவாக இருந்தால், தெரு விளக்கில்லாத ஒரு கரையில் நின்று தொலைநோக்கி இல்லாமலே அதைத் தேடிப் பார்க்கலாம். மங்கலான ஒரு நட்சத்திரம் மற்றவற்றுக்கிடையே மெதுவாக நகர்வது போலத் தெரியும். மிக நெருக்கமாக வரும் நேரம் எமது கணக்கில் 14ஆம் திகதி அதிகாலை 3.16 மணியளவில். அன்று சித்திரைப் புத்தாண்டு.